ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு காப்பு வைபவம்!

குழந்தைக்குக் காப்பு போடப் போனால், அம்மா சிரித்தபடி பிள்ளையின் கையை நீட்டுவாள். பொரி வல்லூறு அம்மாவோ தலையிலேயே ஒரு போடு போடும்!

நியூயார்க்கின் வெராசானோ பாலத்தில், 693 அடி உயரக் கோபுரத்தில் இருக்கிறது கூடு. மே மாத வாக்கில் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்ட ஹெல்மெட்டோடு ஏறுகிறார்கள் ஆய்வாளர்கள். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பென்றால் கால் பருக்காது, வளையம் கழன்றுவிடும். தாமதித்தாலோ, குஞ்சு பயந்துபோய்க் கூட்டிலிருந்து குதித்துவிடும். அதற்குள் தாயும் தகப்பனும் அலறிக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வரும். இரை மேல் பாயும்போது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் பறவையாச்சே!

ஏன் இந்த ரிஸ்க்? டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. 1960-களில் கிழக்கு அமெரிக்காவில் இந்த இனமே இல்லாமல் போனது. 1972-ல் அங்கே டிடிடிக்குத் தடை வந்தது. ஆய்வாளர்கள் வளர்த்துப் பறக்கவிட்ட குஞ்சுகள் பெருகி, 1983-ல் இதே பாலத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியது. எந்தக் குஞ்சு பிழைத்தது, எங்கே குடும்பம் நடத்துகிறது என்பதையெல்லாம் வளையத்தின் எண்தான் சொல்லும்.

நம் தென்கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து பொரி வல்லூறு வரும். வேம்பார் கடலோரத்திலோ விளாத்திகுளம் கரிசல் காட்டிலோ காலில் வளையத்தோடு ஒரு பறவை கண்ணில் பட்டால், எண் தெரியும்படி போட்டோ எடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.