ராத்திரி வாசலில் போலீஸ் ஜீப் நின்றால்...



போன கூட்டத்தில் நம்ம இருளர் சகோதரி ஒருவர் எழுந்து கேட்டார்: "வலை காணோம், மோட்டார் காணோம்னா எங்க வீட்டு ஆம்பிளைங்களத்தான் முதல்ல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அடிச்சு அனுப்புறாங்க. பொருள் அப்புறம் வேற எங்கேயோ கிடைக்குது. வாங்கின அடிக்கு யாரு பதில் சொல்றது?"

யாரும் வாய் திறக்கவில்லை. பழவேற்காடு ஏரியில் தண்ணிக்குள்ள உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவங்க அவங்க. உண்மையைச் சொன்னால், போலீசுக்கு முன்னாடியே அவங்களைப் பார்த்துக் கை நீட்டுறது பல நேரம் நாமதான்.

பதில் சொல்ல வைத்த ஊர் ஒன்று இருக்கிறது. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. பழங்குடி மக்கள் ஊர். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். கிணற்றைக்கூட விடவில்லை. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே ஜெயிலிலும் போட்டார்கள்.

அப்படி எதுவுமே நடக்கலைன்னு அதிகாரிகள் சாதித்தார்கள். பெரிய படிப்பு இல்லாத அந்தப் பெண்கள் விடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் துணைக்கு நின்றது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கோர்ட்டில் வருஷக்கணக்கில் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதில் வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. அப்பீலுக்குப் போனார்கள். ஐகோர்ட் நீதிபதி வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். 31 வருஷம்! அன்று சின்னப் பொண்ணாக இருந்தவர்கள் இன்று பாட்டிகள்.

அவ்வளவு காலம் நாம் காத்திருக்க வேண்டாம் என்றால் சில விஷயம் இப்பவே தெரிந்திருக்கணும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் பெயர் நம்ம வாயில் நுழையாது, போகட்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அவசரம் என்றால் பெண் போலீஸ்தான் வரணும், மாஜிஸ்ட்ரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கணும். சாட்சி விசாரிக்கணும்னா பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கணும்.

ஆம்பிளையோ பொம்பளையோ, யாரைக் கைது செய்தாலும் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லணும், டாக்டரிடம் காட்டணும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும். அடித்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்லுங்கள். "வெளியே போனதும் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டால் காயம் ஆறிப்போகும், கேஸும் ஆறிப்போகும்.

வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. போன் 15100.

கூட்டத்தில் முடிவு செய்தது இதுதான்: யார் வீட்டுக்கு ஜீப் வந்தாலும் பக்கத்துக் குழுவிலிருந்து நாலு பேர் கூடவே போவது. தேதி, நேரம், வண்டி நம்பர், சட்டையில் இருக்கும் பெயர், எல்லாத்தையும் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவது. கையெழுத்து வராதவர்கள் ரேகை வைத்தால் போதும்.