பெயரில்லாத முதல் ஆல்பம்: ஜெனிசிஸை விட்டு வந்த பீட்டர் கேப்ரியல்

ஒரு ராக் குழுவிலிருந்து அதன் பாடகர் விலகினால் உடனே இரண்டு கேள்விகள் எழும். அவர் இல்லாமல் குழு நிற்குமா? குழு இல்லாமல் அவர் நிற்பாரா? பீட்டர் கேப்ரியல் விஷயத்தில் முதல் கேள்விக்குச் சீக்கிரமே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதுக்கு நாளானது. அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பின்னணி. ஜெனிசிஸ், இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்த பையன்கள் ஆரம்பித்த குழு. 1972இல் கேப்ரியல் நரித்தலை மாட்டிக்கொண்டு, சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். பத்திரிகைகள் மொய்த்துக்கொண்டன. பாட்டுகளை உருவாக்கியது ஐந்து பேர். படம் வந்தது ஒருத்தருக்கு. மற்ற நாலு பேருக்கு உறுத்தாமல் இருக்குமா?

1974இல் ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ என்ற இரட்டை ஆல்பம். கதையும் பெரும்பாலான வரிகளும் கேப்ரியலுடையவை, இசையில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. அதே வருஷம் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கலாகி, குழந்தை பிழைக்குமா என்ற நிலை. அவருக்குக் குழந்தை பக்கத்தில் இருக்கணும், குழுவுக்கு ஆல்பம் முடியணும். போதாததற்கு ‘எக்ஸார்சிஸ்ட்’ இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் வேறு படவேலைக்குக் கூப்பிட்டார். விரிசல் பெரிதாகிவிட்டது. 1975 மே மாதம் வரை கச்சேரிப் பயணத்தை முடித்துக் கொடுத்துவிட்டு கேப்ரியல் விலகினார். ஆகஸ்டில் செய்தி வெளியே வந்தது.

குழு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். புதுப் பாடகர் தேடினார்கள், யாரும் சரிவரவில்லை. கடைசியில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே மைக்கைப் பிடித்தார். 1976இல் வந்த ‘எ ட்ரிக் ஆஃப் தி டெயில்’ பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம். கேப்ரியல் இருந்தபோது வந்த ‘லாம்ப்’ தொட்டது 10ஆம் இடம்தான்! முதல் கேள்வி அத்தோடு தீர்ந்தது.

கேப்ரியலின் தனி ஆல்பம் 1977 பிப்ரவரியில் வந்தது. தலைப்பு கிடையாது, அவர் பெயர் மட்டும்தான். அட்டையில் மழைத்துளி படிந்த நீலக் கார், கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம். அதனால் ரசிகர்கள் இதைக் ‘கார்’ என்றே சொல்வார்கள். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், ஆலிஸ் கூப்பரை வைத்துப் பிரமாண்டமாகப் பண்ணியவர். கிடாரில் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃப்ரிப், பேஸில் டோனி லெவின். ஒலிப்பதிவு கனடாவில், டொரண்டோவில். ஜெனிசிஸ்காரர்கள் ஒருத்தர்கூட இல்லை.

மொத்தம் ஒன்பது பாட்டு. கேட்டால் ஒன்பது பேர் பாடின மாதிரி இருக்கும். ஒன்று, வாத்தியம் இல்லாமல் நாலு ஆண் குரல் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்க பாணியில் ஆரம்பிக்கும். ஒன்று மதுக்கடை ப்ளூஸ். ஒன்றில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவே வந்து இறங்கும். ஒன்று நேரடியான கிடார் ராக். இதனாலேயே ‘ஒருமை இல்லாத ஆல்பம்’ என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. ஒருமை இல்லை என்பது உண்மை. ஆனால் எட்டு வருஷம் ஐந்து பேராகச் சேர்ந்தே யோசித்துப் பழகியவர், தனியாக வந்ததும் எது தன் குரல் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தானே!

போட்டுப் பார்த்ததில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது: ‘சோல்ஸ்பரி ஹில்’. பாத் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்றின் பெயர் அது. குழுவை விட்டு வந்ததைப் பற்றிய பாட்டு. ஆனால் யார் மேலும் புகார் இல்லை. தாளத்தைக் கவனியுங்க, ஏழு ஏழாக எண்ணணும். மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு ஏழு புதிதில்லை. ராக் பாட்டில் காது நாலை எதிர்பார்க்கும், அடுத்த சுற்று ஓர் எண்ணிக்கை முன்னாலேயே வந்து நிற்கும். யாரோ முன்னே இழுத்துக்கொண்டு போகிற உணர்வு அதனால்தான். இத்தனைக்கும் கேட்கச் சாதாரண கிராமியப் பாட்டு போல இருக்கும். பிரிட்டனில் 13ஆம் இடம் வரை போனது.

பொருந்தாததற்கு உதாரணம் கடைசிப் பாட்டு, ‘ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்’. பாட்டு நல்ல பாட்டு, எஸ்ரினின் கிடாரும் டிரம்ஸும் அதை மூழ்கடித்துவிட்டன. கேப்ரியலுக்கே அது திருப்தி இல்லை. 1979இல் ஃப்ரிப்பின் ‘எக்ஸ்போஷர்’ ஆல்பத்தில் அதே பாட்டை அடக்கமாக மறுபடி பாடினார். 1990இல் தன் தொகுப்புக்காகப் பியானோவோடு இன்னொரு முறை. தேவையில்லாததை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பதின்மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தப் பாடம்தான் இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆனது. 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சிம்பல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான், பெரிதாக அதிர்ந்து சட்டென்று அறுந்துபோகும் அந்த டிரம்ஸ் ஓசை. முதல் பாட்டில் அதை வாசித்தவர் யார் தெரியுமா? ஃபில் காலின்ஸ். ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தலைப்பு அப்போதும் ‘பீட்டர் கேப்ரியல்’தான்.

கேட்பதாக இருந்தால் என் சிபாரிசு: முதலில் ‘சோல்ஸ்பரி ஹில்’. பிறகு ‘ஃப்ளட்’டின் 1977 வடிவம், அதோடு சேர்த்து 1990 வடிவம். அப்புறம் முழு ஆல்பத்துக்கு வாங்க. சிதறலாகத் தெரிந்ததெல்லாம் தேடலாகக் கேட்கும்.