விற்கும் விலையும் விளைவிக்கும் செலவும்

விவசாயி விற்கும் பொருளின் விலை மாதந்தோறும் மாறுகிறது. அவர் காசு கொடுத்து வாங்கும் உரம், விதை, கூலி, வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றின் விலையும் மாறுகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது விலைச் சமநிலைக் குறியீடு. கேரளத்தில் இதைக் கணக்கிடுவது திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதாரப் புள்ளியியல் இயக்குநரகம். குறியீடு 100 என்றால் அடிப்படை ஆண்டில் இருந்த வாங்கும் சக்தி விவசாயிக்கு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே போனால், அதே அளவு விளைச்சலை விற்று முன்பு வாங்கிய அளவுக்கு அவரால் இன்று வாங்க முடியாது. அண்மைக் காலத்தில் கேரளத்தின் குறியீடு நூறுக்கு வெகுவாகக் கீழேயே இருந்து வருகிறது.

இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் விலை, கடையில் நாம் கொடுக்கும் விலை அல்ல. விளைவித்தவர் தம் ஊரிலேயே முதல் கை மாற்றும்போது பெறும் பண்ணை விலை அது. அதற்கும் சில்லறை விலைக்கும் நடுவே வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, எடைக்கழிவு, அழுகல் எல்லாம் இருக்கின்றன. திருவனந்தபுரம் நகரின் கரமனையில் இதை எளிதாகப் பார்க்கலாம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வரும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்துதான் நகரின் சந்தையான சாலைக் கம்போளத்தை அடைகிறது. நகரம் சமைக்கும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வருவது. அங்கே மழை கொட்டினால் இங்கே தக்காளி விலை ஏறும். ஆனால் நெடுமங்காட்டுப் பாவற்காய் விவசாயிக்கு அந்த ஏற்றத்தில் எவ்வளவு கிடைத்தது என்பதைக் கடைவிலை சொல்லாது.

கேரளக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1952-53. மாநிலம் உருவானதோ 1956 நவம்பர் 1இல். அதாவது திருவிதாங்கூர்-கொச்சி காலத்துப் பயிர்முறையை நூறு என்று வைத்து இன்றைய கேரளம் அளக்கப்படுகிறது. 1974-75இல் மாநிலத்தில் 8.82 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இப்போது அது ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. ரப்பர் பரவியது, மரச்சீனியின் இடம் குறைந்தது. பழைய அடிப்படை நீண்டகால ஒப்பீட்டுக்கு வசதிதான். ஆனால் இன்றைய விவசாயியின் வரவு செலவுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி எப்போதும் இருக்கும். அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. 1910-14 காலத்தைப் பொற்காலமாகக் கொண்டு அங்கே சமநிலை வகுத்தார்கள். 1933ஆம் ஆண்டின் வேளாண் சரிக்கட்டுச் சட்டம் அதையே இலக்காக வைத்தது. அந்தப் பழைய விகிதத்தை விடாமல் வைத்துக்கொண்டே, 2011ஐ நூறாகக் கொண்ட புதிய குறியீடுகளையும் அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது.

செலவுப் பக்கத்தில் கேரளத்தின் தனி அடையாளம் கூலி. ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23இல் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 764 ரூபாய், நாட்டின் சராசரி 346 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். தொழிலாளிக்கு இது நியாயமான வாழ்க்கை. இருபது சென்ட் நிலத்தில் வாழை வைத்தவருக்கு இதுவே முதல் செலவு. விலைக்கும் கூலிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாழைக்குலையின் விலை இந்த மாதம் ஏறி அடுத்த மாதம் பாதியாகலாம். கூலி அப்படி இறங்குவதில்லை. ஒருமுறை ஏறினால் ஏறியதுதான். ஆகவே விலை வரைபடம் மலையும் பள்ளமுமாக இருக்க, செலவு வரைபடம் படிக்கட்டாக மேலே போகிறது. சமநிலைக் குறியீட்டைக் கீழே இழுப்பது பெரும்பாலும் இந்தப் படிக்கட்டுதான். விலைவீழ்ச்சி மட்டும் அல்ல.

உரத்தின் கதை வேறு. அதன் விலை சர்வதேசச் சந்தையில் ஆடுகிறது. விவசாயி கொடுக்கும் விலையை மத்திய அரசின் மானியம் நிறுத்திப் பிடிக்கிறது. 2021 ஏப்ரலில் ஒரு மூட்டை டிஏபி உரம் 1,200 ரூபாயிலிருந்து 1,900க்குப் போகும் என்ற அறிவிப்பு வந்தது. மே மாதம் மானியத்தை மூட்டைக்கு 500 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியதால் பழைய விலையே நீடித்தது. பொட்டாஷுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2022இல் அது மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. வாழைக்கும் தென்னைக்கும் மரச்சீனிக்கும் பொட்டாஷ் ஏராளமாக வேண்டும் என்பதால், நெல்லை மனத்தில் வைத்துக் காக்கப்படும் உரவிலை தென்கேரளத் தோட்டங்களுக்குப் பாதிப் பாதுகாப்பே.

மாதாந்தர எண்களைப் படிப்பவர் தவறும் இடம் காலக் கணக்கு. ஓணத்துக்கு வெட்ட வேண்டிய ஏத்தன் வாழையை முந்தைய செப்டம்பர், அக்டோபரில் நடுகிறார்கள். கன்று, குழியெடுப்பு, உரம், முட்டுக்கொம்பு, களையெடுப்பு எல்லாம் பத்து மாதத்தில் வெவ்வேறு விலையில் செலவாகின்றன. வரவோ ஆகஸ்டில் ஒரே மூச்சில் வருகிறது. ஆகஸ்ட் விலையை ஆகஸ்ட் செலவோடு ஒப்பிடுவது ஒருவர் செய்த செலவையும் இன்னொருவர் பெற்ற வரவையும் சேர்த்து எழுதுவது போன்றது. தேங்காய்க்கு இன்னொரு வகையான கவனம் தேவை. பிப்ரவரி முதல் மே வரை காய்ப்பு அதிகம், செப்டம்பருக்குப் பின் குறைவு. ஏப்ரல் விலை டிசம்பரைவிடக் குறைந்தால் அது சரிவு அல்ல, பருவம். போன ஏப்ரலோடு இந்த ஏப்ரலை வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

2025ஆம் ஆண்டின் தேங்காய் விலை இந்தக் குறியீட்டின் இரு பக்கங்களையும் ஒரே பொருளில் காட்டியது. அரவைக் கொப்பரைக்கு அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலை அதையெல்லாம் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் கிலோ நானூறு ரூபாய்க்கு மேல் விற்றது. தென்னந்தோப்பு உள்ளவருக்கு நல்ல ஆண்டு. ஆனால் கேரள விவசாயி தேங்காய் எண்ணெயை வாங்கவும் செய்கிறார், அரிசியைப் பெரும்பாலும் வாங்கியே சாப்பிடுகிறார். 2025 செப்டம்பரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 1.54 விழுக்காடாக இருந்தபோது கேரளத்தில் 9.05 விழுக்காடு, எல்லா மாநிலங்களிலும் அதிகம். விவசாயி கொடுக்கும் விலைக் குறியீட்டில் சாகுபடிச் செலவோடு குடும்பச் செலவும் சேர்க்கப்படுவதால், ஒரு பொருளின் ஏற்றம் வரவுக் கணக்கிலும் செலவுக் கணக்கிலும் ஒன்றாக ஏறியது. தோப்பு இல்லாத மரச்சீனி விவசாயிக்கு அது வெறும் செலவு.

நெல்லில் நடந்தது இதற்கு நேர் எதிர்: விலை அசையவே இல்லை. மாநிலத்தில் நெல்லை அரசின் குடிமைப்பொருள் கழகமான சப்ளைகோ கொள்முதல் செய்கிறது. மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து 2022-23இல் கிலோவுக்கு 28.20 ரூபாய் கிடைத்தது: மத்திய விலை 20.40, மாநிலப் பங்கு 7.80. பிறகு மத்திய விலை 21.83, 23.00 என்று ஏறியது. ஏறிய அதே அளவு மாநிலப் பங்கு 6.37, 5.20 என்று குறைந்தது. கூட்டிப் பார்த்தால் மூன்று ஆண்டும் 28.20தான். தில்லியில் விலை உயர்ந்தது என்ற தலைப்புச் செய்தி பாலக்காட்டு வயலுக்கு வந்து சேரவில்லை. 2025 நவம்பரில் விலை 30 ரூபாயாக்கப்பட்டது. நெல்லை எடுத்துச் சென்ற பின் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. ரசீதை ஈடாக வைத்து வங்கிகள் அதைக் கடனாகத் தருகின்றன. அந்தத் தாமதத்தின் செலவு எந்த விலைப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் 1965இல் வேறு பெயரில் தொடங்கி, 1985இல் இப்பெயர் பெற்றது. அது செலவைப் பல படிகளில் எழுதுகிறது. காசாகக் கொடுத்தது ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எப்எல். சொந்த நிலத்தின் வாடகையும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தால் சி2. 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் உறுதியளித்த ஒன்றரை மடங்கு, இரண்டாவது படியின்மீது கணக்கிடப்படுகிறது. விவசாய அமைப்புகள் கேட்பது சி2. நாடு முழுவதற்கும் ஒரே விலை என்பதால் கூலி இரண்டு மடங்குள்ள கேரளத்துக்குச் சராசரிச் செலவு பொருந்தாது. மாநில ஊக்கத்தொகை பிறந்த காரணமே இதுதான்.

காய்கறிக்கு இதே தர்க்கத்தைக் கேரளம் 2020 நவம்பர் 1இல் கொண்டுவந்தது. பதினாறு விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவோடு 20 விழுக்காடு கூட்டி அடிப்படை விலை அறிவிக்கப்பட்டது: மரச்சீனி கிலோ 12 ரூபாய், ஏத்தன் 30, வயநாட்டு ஏத்தன் 24, பாவற்காய் 30, வெள்ளரி 8. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசு தலையிடும் என்பது ஏற்பாடு. ஒரு வாழைக்கே இரண்டு விலை வைத்தது கவனிக்கத்தக்கது. செலவும் சந்தையும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

கரமனை நெடுங்காட்டில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய ஆய்வு நிலையம் இருக்கிறது. 1955இல் மாதிரி ஆய்வு நிலையமாகத் தொடங்கியது. குறியீட்டின் அடிப்படை ஆண்டைப் போல இதுவும் மாநிலத்தைவிட மூத்தது. விலையை எந்த ஆய்வு நிலையமும் ஏற்ற முடியாது. செலவைக் குறைக்க முடியும். சிறு நிலத்தில் நெல், காய்கறி, வாழை, மாடு, மீன் ஆகியவற்றை இணைத்து, ஒன்றின் கழிவை மற்றதன் இடுபொருளாக்குவதே இங்கே ஆராயப்படும் முறை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.18 ஹெக்டேர்தான்; ஒரே பயிரின் ஒரு மாத விலையை நம்பிப் பிழைக்க அது போதாது. தொழுவத்துச் சாணம் வாழைத்தடத்துக்குப் போகும்போது உரமூட்டை ஒன்று குறைகிறது. விவசாயி கொடுக்கும் விலைக் குறியீடோ கடையில் மூட்டை விற்கும் விலையை மட்டுமே பார்க்கிறது. வாங்காமல் விட்ட மூட்டை அதன் கணக்கில் இல்லை.