திராட்சைத் தோட்டத்துச் சிறுவீடு

மன்னர்கள் வாழ்ந்த மாளிகைகளை அருங்காட்சியகங்களாக்கிப் போற்றுவது உலக வழக்கு. கோடைக்காலத்தில் தங்கி இளைப்பாறுவதற்கென ஒரு கவிஞர் வாங்கிய திராட்சைத் தோட்டத்துச் சிறுவீடும் அவ்வாறு போற்றப்படுவது அரிது. ஐரோப்பாவின் நடுவே அமைந்த ஹங்கேரி நாட்டில், எஸ்தர்கோம் நகரில், எலோஹெஜ் என்னும் குன்றின் சரிவில் அத்தகைய வீடு ஒன்று இருக்கிறது. அதில் வாழ்ந்தவர் மிஹாய் பாபித்ஸ். இருபதாம் நூற்றாண்டு ஹங்கேரிய இலக்கியத்தின் தலையாய கவிஞர்களுள் ஒருவர், கத்தோலிக்கர். மிஹாய் என்பது நாம் மிக்கேல் என வழங்கும் பெயரே ஆகும். அவருடைய வீட்டின் வரலாறு நம் குடும்பங்கள் அறியத்தக்கது.

பேராலயத்தின் நிழலில்

எஸ்தர்கோம் நகரை அறிந்தாலன்றி அவ்வீட்டின் சிறப்பு விளங்காது. தன்யூபு ஆற்றின் கரையில் அமைந்த இந்நகர் ஹங்கேரியத் திருச்சபையின் தலைமைப் பீடம். அந்நாட்டின் முதல் கிறிஸ்தவ அரசரான புனித ஸ்தேவான் இங்கேதான் பிறந்தார் என்பது மரபு. தம் நாட்டையே தேவதாயின் பாதுகாவலில் ஒப்புவித்த அவ்வரசர், 1038-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்றே இறைவனடி சேர்ந்தார்.

நகரின் கோட்டைக் குன்றின் மீது, விண்ணேற்பு அன்னைக்கும் புனித அடால்பர்ட்டுக்கும் நேர்ந்தளிக்கப்பட்ட பேராலயம் எழுந்து நிற்கிறது. ஹங்கேரியின் மிகப்பெரிய ஆலயம் இதுவே. இதன் குவிமாடத்தின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். 1856-ஆம் ஆண்டு இப்பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டபோது, இசைமேதை பிரான்ஸ் லிஸ்ட் இதற்கெனவே அமைத்த திருப்பலி இசை முதன்முதலாக இங்கு ஒலித்தது.

பாபித்ஸ் வாங்கிய தோட்டத்து வீட்டின் தாழ்வாரத்தில் நின்று நோக்கினால், அந்தக் குவிமாடமும் அதனடியில் வளைந்தோடும் தன்யூபு ஆறும் கண்முன் விரியும். ஒருபுறம் நாட்டின் மிகப்பெரிய ஆலயம். எதிரே குன்றின் சரிவில் ஒரு சிற்றில்லம். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

கவிஞர் வந்த வழி

1883-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், திராட்சைக்குப் பேர்போன செக்சார்த் என்னும் ஊரில் பாபித்ஸ் பிறந்தார். தந்தையார் நீதிபதி. பேச் நகரில் சிஸ்டர்சியத் துறவியர் நடத்திய பள்ளியில் கல்வி பயின்றார். பின்னர் லத்தீன், ஹங்கேரிய மொழி ஆசிரியராகப் பல ஊர்களில் பணியாற்றினார். இளமையிலேயே பெருங்கவி தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' முழுவதையும் தம் தாய்மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். நரகம், உத்தரிக்கும் தலம், மோட்சம் என்னும் மூன்று பகுதிகளும் நிறைவுற்று 1923-இல் கடைசிப் பகுதி வெளிவந்தது.

இடையே முதல் உலகப் போர் மூண்டது. நாடெங்கும் வெற்றி முழக்கம் கேட்ட அந்நாளில் அவர் சமாதானம் வேண்டிப் பாடினார். 1916-இல் 'உயிர்ப்புத் திருநாளுக்கு முன்' என்னும் கவிதையை மக்கள் முன் படித்தார். அடுத்த ஆண்டு, போரின் கொடுமை கண்டு இறைவனை நோக்கி உரத்துக் கதறும் ஒரு கவிதையை வெளியிட்டார். அதைத் தாங்கி வந்த 'நியுகத்' இதழை அரசு பறிமுதல் செய்தது. கவிஞர் மீது சமய நிந்தனைக் குற்றமும் சாட்டப்பட்டது. யோபுவும் எரேமியாவும் இறைவனிடம் முறையிட்டவர்களே. துன்பத்தில் எழும் கதறலும் ஒருவகைச் செபமே என்பதைத் திருநூலை அறிந்தோர் அறிவர். போருக்குப் பின் எழுந்த அரசியல் கொந்தளிப்பில் ஆசிரியருக்குரிய ஓய்வூதியத்தையும் அவர் இழந்தார்.

1921-இல் இலோனா தன்னர் என்பவரை மணந்தார். சோஃபி தோரோக் என்னும் புனைபெயரில் எழுதிய அம்மையாரும் ஒரு கவிஞரே. 1924-ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் எலோஹெஜ் குன்றில் இருந்த அந்தச் சிறுவீட்டை வாங்கினர். வாங்கியபோது அது மிக எளிய குடில். காலப்போக்கில் சிறிது சிறிதாக விரிவாக்கிக் கொண்டனர். பின்னர் ஒரு பெண் குழந்தையையும் தம் மகளாக ஏற்று வளர்த்தனர். ஆண்டுதோறும் கோடை வந்ததும் புதபெஸ்த் நகரின் இரைச்சலை விட்டு இங்கு வந்து சேர்வது அக்குடும்பத்தின் வழக்கமாயிற்று.

சுவரே விருந்தினர் ஏடு

வீடு சிறிது; ஆனால் விருந்தினர் பலர். 'மேற்கு' என்று பொருள்படும் 'நியுகத்' இதழின் ஆசிரியர் குழுவில் பாபித்ஸ் 1916 முதல் இருந்தார். அக்கால ஹங்கேரிய இலக்கியத்தின் முதன்மை இதழ் அதுவே. வறுமையில் வாடும் எழுத்தாளர்களுக்கு உதவுவதற்கென நிறுவப்பட்ட பவும்கார்த்தன் அறநிதியின் பொறுப்பும் 1927 முதல் அவரிடம் இருந்தது. ஆகவே, வளர்ந்த எழுத்தாளரும் வளரும் எழுத்தாளரும் குன்றேறி வந்த வண்ணம் இருந்தனர். லோரின்ட்ஸ் சபோ, ஜூலா இய்யேஷ் போன்ற இளங்கவிஞர்களும் அவருள் அடங்குவர்.

வந்தவர்கள் தங்கள் பெயரை எழுதி வைக்க அவ்வீட்டில் ஏடு வைக்கப்படவில்லை. வெள்ளையடித்த சுவரே ஏடாயிற்று. விருந்தினர் கரித்துண்டை எடுத்துச் சுவரில் தம் பெயரை எழுதிச் சென்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவரில் பெயர்கள் நிறைந்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கினால் நாம் கடிந்துகொள்கிறோம். அங்கோ, வீட்டுத் தலைவரே சுவரை விருந்தினருக்குத் திறந்துவிட்டார். இன்று ஹங்கேரிய இலக்கிய வரலாற்றின் ஒரு பக்கத்தை அச்சுவரில் படிக்கலாம்.

அன்பின் நூல்

இக்காலத்தில் பாபித்ஸ் செய்த பணிகளுள் நம் கவனத்திற்குரியது ஒன்று உண்டு. திருச்சபையின் இடைக்கால லத்தீன் கீதங்களைத் தொகுத்து, மூலத்தையும் தம் மொழிபெயர்ப்பையும் சேர்த்து 1933-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 'அமோர் சாங்துஸ்', அதாவது 'புனித அன்பு' என்பது அதன் பெயர். சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையைப் பாடும் 'ஸ்தாபாத் மாத்தர்' என்னும் கீதமும் அதில் இடம்பெற்றது. துறவியரும் குருக்களும் மட்டுமே பொருளறிந்து பாடிவந்த கீதங்களை, வீட்டில் தாய்மாரும் உணர்ந்து படிக்கும்படி செய்தார். வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

குரல் இழந்தவர்

பின்னர்ச் சோதனை வந்தது. கவிஞரின் தொண்டையில் புற்றுநோய் கண்டது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மூச்சுவிடுவதற்கென அவர் கழுத்தில் துளையிட்டு அறுவை மருத்துவம் செய்தனர். உயிர் தப்பியது, குரல் போயிற்று. அதன்பின் மனைவியோடும் நண்பரோடும் மருத்துவரோடும் தாளில் எழுதியே உரையாடினார். அவ்வாறு அவர் எழுதிய குறிப்பேடுகள் பிற்காலத்தில், 1980-இல் அச்சேறின. தண்ணீர் வேண்டும் என்பதும் அதில் எழுத்தே. நோவு பொறுக்க முடியவில்லை என்பதும் எழுத்தே.

அந்நாளில் ஐரோப்பாவை இருள் சூழ்ந்து வந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் இட்லரின் படைகள் ஹங்கேரியின் அண்டை நாடாகிய ஆஸ்திரியாவில் புகுந்தன. உரத்துப் பேச வேண்டிய வேளையில் கவிஞரிடம் குரல் இல்லை. அப்போதுதான் அவர் தம் பெரும்படைப்பை முடித்து வெளியிட்டார். அதன் பெயர் 'யோனாவின் நூல்'.

யோனா இறைவாக்கினரின் வரலாறு நாம் அறிந்ததே. நினிவே நகருக்குப் போகுமாறு இறைவன் பணித்தார். அவரோ கப்பலேறி வேறு திசையில் ஓடினார். மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்து மீண்ட பிறகே பணிந்தார். திருநூலில் நினிவே மக்கள் சாக்குடை உடுத்தி மனந்திரும்புகின்றனர். பாபித்ஸ் இங்கே கதையை மாற்றுகிறார். அவருடைய காவியத்தில் நினிவே மக்கள் யோனாவை எள்ளி நகையாடுகின்றனர். எங்கோ சில உள்ளங்களில் மட்டும் அச்சொல் விதைபோல் விழுந்து தங்குகிறது. நகர் அழியவில்லையே எனச் சினம்கொண்ட யோனாவுக்கு, எடுத்துரைப்பதே மனிதன் கடமை, தீர்ப்பிடுவது தம் செயல் என்று இறைவன் உணர்த்துகிறார். தீமையைக் கண்டும் பேசாதிருப்பவன் அதில் பங்குகொள்கிறான் என்பதே அக்காவியம் தரும் எச்சரிக்கை.

இதில் வரும் யோனா வேறு யாருமல்லர், பாபித்ஸே. தொல்லைகளுக்கு அஞ்சி ஒதுங்க நினைத்த தம் மனத்தையே அவர் அதில் நகைக்கிறார். 1939-இல் இதனுடன் 'யோனாவின் செபம்' என்னும் சிறு கவிதையையும் சேர்த்தார். குரலற்ற மனிதர், சாவு நெருங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வரம் கேட்கும் மன்றாட்டு அது.

1940-இல் தாந்தே மொழிபெயர்ப்புக்காக இத்தாலி நாடு அவருக்குச் சான் ரேமோ பரிசளித்துச் சிறப்பித்தது. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அவர் புதபெஸ்தில் உயிர் துறந்தார். அவர் பெயரிலேயே உரிமம் பெற்றிருந்த 'நியுகத்' இதழும் அவரோடு நின்றது.

போரும் அதன் பின்னும்

1944-இன் இறுதியிலும் 1945-இன் தொடக்கத்திலும் எஸ்தர்கோம் பகுதி போர்க்களமாயிற்று. நகர் கைமாறியது. தோட்டத்து வீடும் சேதமுற்றது. 1955-இல் சோஃபி அம்மையாரும் மறைந்தார். ஆயினும் வீடு மறக்கப்படவில்லை. செப்பனிடப்பட்டு, 1961-ஆம் ஆண்டு கவிஞரின் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. சுவரில் எழுதிய பெயர்களும் காக்கப்பட்டன.

அந்த 1961-ஆம் ஆண்டை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது ஹங்கேரியில் பொதுவுடைமை ஆட்சி. எஸ்தர்கோமின் பேராயர் கர்தினால் யோசேப் மின்சென்ட்டி 1948-இல் கைதாகி, 1949-இல் ஆயுள் தண்டனை பெற்று, 1956-இல் எழுந்த மக்கள் எழுச்சியின்போது விடுதலையாகி, அது ஒடுக்கப்பட்டதும் புதபெஸ்திலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். பதினைந்து ஆண்டுகள் அங்கேயே அடைபட்டிருந்து, 1971-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1975-இல் வியன்னாவில் மறைந்தார். 1991-இல்தான் அவர் உடல் எஸ்தர்கோம் பேராலயத்திற்குத் திரும்பி வந்தது. 2019-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

ஆக, குன்றின் மீது குரலிழந்த கவிஞரின் வீடு திறந்திருந்தது. எதிரே பேராலயத்தில் ஆயரின் இருக்கை வெறுமையாயிருந்தது. ஒருவரின் குரலை நோய் பறித்தது. மற்றவரின் குரலை அரசு அடக்கியது. இருவரும் தம் காலத்து நினிவேயை நோக்கிப் பேசத் தவறவில்லை.

நம் இல்லங்களுக்கு

நம் பங்குகளில் பலர் சிறுவீடுகளில் வாழ்கிறோம். வீடு சிறிதென்று விருந்தினரை அழைக்கத் தயங்குவோரும் உண்டு. எலோஹெஜ் குன்றின் சுவர் அத்தயக்கத்தைப் போக்கட்டும். நம் வீட்டில் முடங்கிக் கிடக்கும் முதியவரோ, நோயால் பேச்சிழந்தவரோ இருப்பாராயின், அவர் கையில் ஒரு தாளும் எழுதுகோலும் கொடுத்து அருகே அமர்வோம். அவர் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருக்கலாம். அடுத்த வீட்டில் அநீதி நடக்கையில், கூலி மறுக்கப்படுகையில், பிள்ளைகளின் முன் பொய் பேசப்படுகையில், 'நமக்கென்ன' என்று தர்சீசுக்குக் கப்பலேறாதிருப்போம்.

ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும் நம்மைக் கிளைகளாகவும் உவமித்தார். கனி தருவதற்குக் கிளை பெரிதாய் இருக்க வேண்டியதில்லை. கொடியோடு ஒன்றியிருந்தால் போதும்.