கதைத்துக்கொண்டே ஓடுவோம்

சென்ற வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடினேன். 400 மீற்றர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. முதற் சுற்றை முழு வேகத்தில் ஓடிவிட்டு, இரண்டாம் சுற்றில் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டேன். மிகை வேகத்தில் தசைகள் கேட்கும் ஒட்சிசனை உடலால் உடனுக்குடன் கொடுக்க முடிவதில்லை. அதனால்தான் விரைவிலேயே களைத்துப்போகிறோம்.

அதன்பின் வாப்பா என்னை அதிகாலையில் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் சென்றார். "மகள், கதைச்சுக்கொண்டே ஓடணும். கதைக்க ஏலாட்டி வேகத்தைக் குறைக்கணும்" என்றார். அளவான வேகத்தை அறிய இது இலகுவான வழி. கடற்காற்றில் பாடம், வீடு, எதிர்காலம் எல்லாம் கதைத்தோம்.

இவ்வருடம் ஐந்தாவதாக வந்தேன். நான்காம் சுற்றையும் ஓடி முடித்தேன். ஆயினும் எனக்கு மிகப் பிடித்தவை அந்தக் காலை ஓட்டங்களே. பெற்றோரே, நீங்களும் பிள்ளையோடு ஓடிப் பாருங்கள்.