குடத்தை நாம் தூக்குவோம்

மார்பகப் புற்றுநோயால் மார்பை இழந்த சகோதரிகள் சிலருக்கு, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும், சிலவேளை தசையையும் எடுத்து மார்பை மீளமைக்கிறார்கள். அமெரிக்க வைத்தியர் ஹார்ட்ராம்ப் 1982இல் விவரித்த முறை இதற்கு வழிகாட்டியது.

ஆனால் முந்தலுக்குத் திரும்பும் சகோதரிக்குத் தண்ணீர்க் குடமும் மண்வெட்டியும் காத்திருக்கின்றன. வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டால் பிதுக்கமோ குடலிறக்கமோ வரலாம். ஆறு வாரமாவது, வைத்தியர் அனுமதிக்கும்வரை, பாரம் தூக்கலாகாது. அவ்வேலையைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்கவேண்டும்.

புதிய மார்பு கறுத்தாலோ குளிர்ந்தாலோ, காய்ச்சல், சீழ் கண்டாலோ, கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள். உடனே புத்தளம் அல்லது சிலாபம் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

இரத்தோட்டம் குறைந்த கொழுப்பு கட்டியாக இறுகுவதுமுண்டு. அது புற்றுநோயல்ல, ஆயினும் கையால் தடவி நாமே தீர்மானிக்க முடியாது. கிளினிக்கில் காட்டித் தெளிவு பெறுவோம்.