மருந்து இலவசம் என்று சொல்ல ஓர் ஊர்க்காரி

புணே: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதைக்கூட கிராமத்துப் பெண்ணுக்கு யாரேனும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தே அத்தகவல் பயன்படுகிறது அல்லது வீணாகிறது. மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தின் அரை நூற்றாண்டு அனுபவம் இது.

புணே கே.இ.எம். மருத்துவமனையை நெடுங்காலம் நடத்தியவர் டாக்டர் பானு கோயாஜி. கட்டடம் கட்டினால் மட்டும் கிராமத்துப் பெண்கள் வந்துவிடமாட்டார்கள் என்று உணர்ந்த அவர், 1970-களில் ஷிரூர் வட்டத்திலுள்ள வடு புத்ருக் கிராமத்தை மையமாகக் கொண்டு ஊரக சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார். அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். வெள்ளைப்படுதல் பற்றியோ கருத்தடை பற்றியோ மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்கும் பெண், தெரிந்த பெண்ணிடம் அவ்வளவு தயங்குவதில்லை. கோயாஜிக்கு 1993-ல் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் ஆயிரம் பேருக்கு ஓர் 'ஆஷா' பணியாளர் என்று மத்திய அரசு வகுத்த திட்டமும் ஏறக்குறைய இதே வழியில் அமைந்ததுதான்.

ஆனால், தெரிந்துகொள்வது வேறு. கேட்டுப் பெறுவது வேறு. 2007-ல் தமிழகம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் சுகாதார சேவையை மக்களே கண்காணிக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் புணே உள்பட ஐந்து மாவட்டங்களின் 225 கிராமங்களில் இது நடைமுறைக்கு வந்தது. புணேயில் இயங்கும் 'சாத்தி' அமைப்பு இதனை மாநில அளவில் ஒருங்கிணைத்தது.

செவிலியர் ஊருக்கு வருகிறாரா, மருந்து கிடைக்கிறதா, பணம் கேட்கிறார்களா என்பதையெல்லாம் கிராமத்தினர் கூடிப் பேசி, பச்சை, மஞ்சள், சிவப்பு என மதிப்பெண் அட்டையில் குறித்தனர். எழுத்தறியாதவருக்கும் சிவப்பு புரியும். பின்னர் மருத்துவர்களையும் அதிகாரிகளையும் எதிரில் அமர்த்தி மக்கள் விசாரணை நடத்தப்பட்டது. 'வெளியே வாங்கிக்கொள்' என்று சீட்டு எழுதித் தந்ததை ஒரு பெண் எழுந்து சொல்லும்போது, அது முறைகேடு என்பதைக் கூட்டத்திலிருக்கும் மற்ற பெண்களும் தெரிந்துகொள்கின்றனர். சுவரில் ஒட்டும் சுவரொட்டியால் இது ஆகாது.

இப்போது எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பது தில்லியின் நம்பிக்கை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 24.6 சதவீதம், ஊரக ஆண்களில் 48.7 சதவீதம். அந்த ஆய்வுக்குப் பின் கைப்பேசிகள் பெருகியுள்ளன என்றாலும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் கணவரின் சட்டைப் பையில்தான் இருக்கும்.

ஆகவே, சுமை மீண்டும் ஆஷாக்களின் தோளில்தான் விழுகிறது. அரசு அவர்களைத் தன்னார்வலர்கள் என்றே வகைப்படுத்தி, மாதச் சம்பளத்துக்குப் பதிலாகப் பணிக்கேற்ற ஊக்கத்தொகையும் மதிப்பூதியமும் வழங்குகிறது. ஊதிய உயர்வு கோரி 2023 அக்டோபரிலும் மீண்டும் 2024 ஜனவரியிலும் மகாராஷ்டிர ஆஷா பணியாளர்கள் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டது குறிப்பிடத்தக்கது.